பாலாடையில் நஞ்சு! பதில் சொல்வது யார்?

மருந்து என்று நம்பிப் புகட்டினாள் தாய். இனிக்கிறது என்று சப்புக்கொட்டிக் குடித்தது குழந்தை. சளி குறையும், இருமல் தணியும், இரவில் பிள்ளை கண்ணயரும் என்று காத்திருந்தது குடும்பம். வந்தது வாந்தி. அடுத்து நின்றது சிறுநீர். அதற்கடுத்துச் சிறுநீரகமே செயலற்றது. நாக்பூர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடன் வாங்கினார்கள், கைப்பொருளை விற்றார்கள். பிள்ளையைத்தான் மீட்க முடியவில்லை.

2025 செப்டம்பரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பராசியா வட்டாரத்தில் தொடங்கியது இந்தக் கொடுமை. அக்டோபர் நடுவிற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மண்ணுக்கு இரையாயினர். பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர்கள்.

சிந்த்வாடா எங்கே, நாம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்தப் புட்டியின்மேல் ஒட்டியிருந்த தாளைப் பாருங்கள் தோழர்களே! 'கோல்ட்ரிஃப்' என்பது மருந்தின் பெயர். அதைக் காய்ச்சி அனுப்பிய இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம்! 'ஸ்ரீசன்' என்னும் சிறு மருந்து ஆலை அது. பட்டுக்கும் நெசவுக்கும் பெயர் பெற்ற மாவட்டத்திலிருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஏழைக் குடிசைக்கு நஞ்சு போயிருக்கிறது. ஆகவே இது அயலான் வீட்டு இழவு என்று ஒதுங்கிக்கொள்ள நமக்கு வழியில்லை.

என்ன நஞ்சு அது? டைஎத்திலீன் கிளைக்கால் என்பது அதன் பெயர். அச்சு மை, வண்டிகளின் பிரேக் எண்ணெய், வண்ணப்பூச்சு போன்ற தொழில்களில் புழங்கும் திரவம். நிறம் இல்லை, வாடை இல்லை, நாவில் இனிக்கும். மருந்துச் சரக்கைக் கரைத்துப் பாகாக்குவதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற வேறொரு திரவத்தைச் சேர்ப்பது வழக்கம். மருந்துக்கென்று சுத்தம் செய்யப்பட்ட சரக்கின் விலை அதிகம். தொழிற்சாலைச் சரக்கின் விலை குறைவு. விலை குறைந்த சரக்கில் இந்த நஞ்சு கலந்து வரும். சில நேரம் நஞ்சே முழுச் சரக்காகவும் வரும். பீப்பாயைத் திறந்து சோதித்தால் தெரிந்துவிடும். சோதிக்காதவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு மருந்தில் இந்த நஞ்சு நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. சுங்குவார்சத்திரத்து மருந்தில் எவ்வளவு இருந்தது? நூற்றுக்கு 48.6 பங்கு! ஏறத்தாழப் பாதிப் புட்டி நஞ்சு! கைதவறிச் சிந்திய துளி இவ்வளவு ஆகுமா? கணக்குப் பிசகு என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்க முடியுமா?

இதைக் கண்டுபிடித்ததும் நம் மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்தது. அன்றே ஆலைக்குள் நுழைந்தார்கள், மாதிரி எடுத்தார்கள். மறுநாள் முடிவு கையில் இருந்தது. விற்பனைக்குத் தடை போட்டார்கள். அந்த வேகத்தைப் பாராட்டுகிறோம். பாராட்டிய வாயாலேயே ஒன்று கேட்கிறோம். ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிந்த நஞ்சை, அந்த ஒரு நாள் முன்னதாகவே வந்து கண்டுபிடிக்காமல் போனது ஏன்?

அந்த ஆலை நேற்று முளைத்த காளான் அல்ல. 2011-லேயே உரிமம் பெற்றது. பதினான்கு ஆண்டுகள்! பிள்ளைகள் மாண்ட பிறகு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எழுதிய அறிக்கையில் 364 குறைகள். அவற்றில் 39 மிகக் கடுமையானவை, 325 பெரியவை. மருந்துத் தரம் இல்லாத கிளைக்காலைப் பயன்படுத்தியதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முந்நூற்று அறுபத்து நான்கு குறைகள் ஓர் இரவில் விளையுமா? ஒன்றொன்றாக, மாதாமாதம், ஆண்டாண்டாகச் சேர்ந்தவை அல்லவா அவை? சேர்ந்த காலமெல்லாம் பார்க்க வேண்டிய கண்கள் எங்கே இருந்தன?

நெய்த துணியில் ஓர் இழை பிசகினால் நெசவாளியின் கூலியில் பிடித்தம். ஆலைத் தொழிலாளி ஐந்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் போயிற்று. ஏழையின் பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் இந்த நாட்டில் ஆயிரம் கண்கள்! முதலாளியின் கொப்பரைக்குள் எட்டிப் பார்க்க ஒரு கண் இல்லையா?

சாவு நடந்தபின் என்ன நடந்தது? வழக்கமான நாடகம்! "உரிமம் கொடுத்தது மாநிலம், உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதும் மாநிலம்" என்றது டில்லி. "மத்திய அதிகாரிகள் மட்டும் வந்து பார்த்தார்களா?" என்று திருப்பிக் கேட்டது மாநிலம். மத்தியப் பிரதேசத்தில் மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கைது செய்தார்கள். அக்டோபர் 9-ஆம் நாள் ஆலை உரிமையாளர் கைதானார். 13-ஆம் நாள் உரிமம் ரத்தாயிற்று. இங்கே இரண்டு மூத்த ஆய்வாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பந்து டில்லிக்குப் போயிற்று, சென்னைக்கு வந்தது, போபாலுக்குப் போயிற்று. உதைபட்டது பந்து; அடியில் புதையுண்டதோ பிள்ளைகள்!

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின்படி, மருந்து ஆலைக்கு உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மாநிலத்தின் வேலை. தரத்தை வகுப்பதும், புது மருந்துக்கு ஒப்புதல் தருவதும், மாநிலங்களை ஒருங்கிணைப்பதும் மத்திய அரசின் வேலை. வாங்கிய மூலப்பொருளையும் முடிந்த மருந்தையும் தொகுதி தொகுதியாகச் சோதிக்க வேண்டியது ஆலையின் கடமை. மூன்று காவல் இருக்கிறது. மூன்றும் உறங்கியதால்தான் திருடன் நுழைந்தான். ஒரு காவலன் இன்னொரு காவலனைக் காட்டித் தப்பிக்க முடியுமா?

டில்லியைக் கேட்கிறோம். இந்த நஞ்சு உங்களுக்குப் புதிதா? 1970-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது இதே நஞ்சு. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 உயிர்களைக் குடித்தது. நீதிபதி லெண்டின் விசாரித்தார், மருந்துத் துறையின் ஊழலை விரிவாக எழுதி வைத்தார். 1998-இல் குர்கானில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2020-இன் தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேல். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் எழுபது குழந்தைகள்வரை இறந்தபோது, உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டியது அரியானாவில் செய்த மருந்தை. அதே ஆண்டு இறுதியில் உஸ்பெகிஸ்தானிலும் அதே ஓலம். அந்த மருந்து போனது நொய்டாவிலிருந்து. ஐம்பது ஆண்டுக் கணக்கு இது! அறிக்கைகள் அலமாரியில் தூங்குகின்றன, நஞ்சு மட்டும் விழித்திருக்கிறது.

காம்பியாவில் மானம் போனபின் டில்லி ஓர் ஆணை பிறப்பித்தது. 2023 ஜூன் முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று பெற்ற பிறகே கப்பலேற்ற வேண்டும் என்றது. நல்ல ஆணை, வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு? சிந்த்வாடாச் சாவுகள் நேர்ந்த நாள்வரை அப்படியொரு கட்டாயம் இல்லை! அந்நியன் பிள்ளை குடிக்கும் மருந்துக்கு அரசுச் சோதனை, சொந்தப் பிள்ளை குடிக்கும் மருந்துக்கு ஆலை முதலாளியின் வாய்ச்சொல்! வெளிநாட்டு வணிகம் கெடக்கூடாது என்பதில் இருந்த அக்கறை, உள்நாட்டுத் தொட்டில் காலியாகக்கூடாது என்பதில் இல்லாமற் போனதே!

இன்னும் ஒன்று. சளிக்கும் மூக்கடைப்புக்கும் தரும் இந்த வகைக் கலவை மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று புட்டியில் அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு போனது. மருந்து ஆலைகளின் ஒழுங்குக்குப் புதிய விதிகளும் வந்தன. ஆனால் சிறு ஆலைகளுக்கு 2025 டிசம்பர் இறுதிவரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. சிறு முதலாளி பிழைக்க அவகாசம் வேண்டும் என்பது புரிகிறது. கட்டடம் கட்ட அவகாசம் கொடுக்கலாம், எந்திரம் வாங்க அவகாசம் கொடுக்கலாம். நஞ்சைச் சோதிக்கவுமா நாள் பார்ப்பது?

டில்லியை இவ்வளவு கேட்ட நாம், நம் வீட்டுக் கதவையும் தட்டித்தான் ஆகவேண்டும். மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம். கேட்பது நியாயம். அதில் ஓர் எழுத்தையும் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் தோழர்களே, அதிகாரத்தைக் கேட்கிறவன் அதோடு பொறுப்பையும் சேர்த்தே கேட்கிறான். ஏற்கெனவே நம் கையிலிருக்கும் அதிகாரம் அந்த ஆலைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம். அதைப் பதினான்கு ஆண்டுகள் எப்படிப் பயன்படுத்தினோம் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால்தான், நாளை இன்னும் அதிகாரம் கொடு என்று கேட்கும் குரலுக்கு வலு இருக்கும். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் கோட்டையில் அமர்ந்தவர் ஒருவரல்ல, ஒரே கட்சியுமல்ல. ஆகவே இதைக் கட்சிக் கணக்கில் எழுதி எவரும் தப்பிக்க வேண்டாம். "நம் ஆளைக் கேட்காதே, அவன் ஆளைக் கேள்" என்பது குழந்தையின் பிணத்தின்மேல் நின்று பேசும் பேச்சு. அது நமக்கு வேண்டாம்.

பிற நாட்டில் என்ன செய்தார்கள்? 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. சோதிக்காமல் மருந்து விற்பதைத் தடுக்க அன்று அங்கே சட்டமே இல்லை. 'எலிக்சிர்' என்று பெயர் வைத்தாயே, அதில் சாராயம் இல்லையே என்று, பெயர் பிழையைக் காரணம் காட்டித்தான் மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்தது! வெட்கிப் போன அரசு, தன் ஆய்வாளர்களை நாடெங்கும் விரட்டிப் புட்டி புட்டியாகத் தேடிப் பிடித்தது. மறு ஆண்டே, 1938-இல், பாதுகாப்பானது என்று காட்டாமல் புது மருந்து விற்கலாகாது என்று சட்டம் செய்தது. அவர்களுக்கு ஒரு சாவு வரிசை போதுமானதாக இருந்தது. நமக்கு எத்தனை வரிசை வேண்டும்?

ஆகவே ஆட்சியாளர்களிடம், டில்லியானாலும் கோட்டையானாலும், நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று: ஏற்றுமதிக்குச் செய்த அதே சோதனையை, உள்நாட்டுக் குழந்தை குடிக்கும் ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் கட்டாயமாக்கு. சான்று எண்ணைப் புட்டியிலேயே அச்சிடு.

இரண்டு: எந்த ஆலைக்குள் எந்த நாளில் எந்த ஆய்வாளர் போனார், என்ன கண்டார், என்ன நடவடிக்கை என்பதை மக்கள் பார்வைக்கு வை. போகவில்லை என்றால் போகவில்லை என்றே எழுது.

மூன்று: ஆய்வாளர் பணியிடங்களைக் காலியாக வைக்காதே. ஆளில்லாத துறையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் கொடுக்காத அமைச்சகத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நான்கு: ஓரிடத்தில் நஞ்சு என்று தெரிந்த மணி நேரத்தில் எல்லா மாநிலங்களிலும் அந்தப் புட்டி கடையை விட்டு இறங்கும் ஏற்பாடு செய். இங்கே அக்டோபர் முதல் நாள் தடை. சாவு நடந்த மத்தியப் பிரதேசத்தில் தடை வந்தது நான்காம் நாள். பிள்ளையின் உயிருக்கு மூன்று நாள் என்பது நீண்ட காலம்.

ஐந்து: வழக்கை இழுத்தடிக்காதே. ஆலை முதலாளியோடும் கீழ்நிலை ஆய்வாளரோடும் நிறுத்திவிடாதே. கண்காணிக்கத் தவறிய மேலிடம்வரை விசாரணை ஏறட்டும்.

கழகத் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2025 அக்டோபர் 3-ஆம் நாள் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட அறிவுரையை உங்கள் தெருவில் படித்துச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல் மருந்தே தரலாகாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக அது உகந்ததல்ல. பெரும்பாலான இருமல் தானே தணியும். மருத்துவரைக் கேட்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புட்டியை வாங்காதீர்கள். வாங்கும் மருந்துக்கு ரசீது கேளுங்கள், தொகுதி எண்ணைப் பாருங்கள். மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். புட்டியைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி!

மன்றம் இருக்கும் ஊரிலெல்லாம் இதைப் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்தால் கேளுங்கள். அவர் நம்மவர் என்றால் இருமுறை கேளுங்கள். வாக்குச் சீட்டு கேட்டு வாசலுக்கு வருகிறவர், அந்த வாசலுக்குள் ஆடும் தொட்டிலுக்குப் பொறுப்பாளி. பராசியாவின் தாய்க்கு நம் மொழி தெரியாது. அவள் பிள்ளையைக் கொன்ற புட்டியில் நம் மண்ணின் முகவரி இருந்தது. அவளுக்கு நாம் பட்டிருக்கும் கடனை அனுதாபத் தீர்மானத்தால் அடைக்க முடியாது. இனி ஒரு பாலாடையிலும் நஞ்சு ஏறாதபடி காவல் செய்வதே அதற்கு ஈடு!