படக்கதைதானே என்று ஒதுக்கலாமா?

கடந்த தவணை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா எனக்கொரு புத்தகம் கொண்டுவந்தார். அட்டையைப் பார்த்ததுமே வாப்பாவின் முகம் மாறிவிட்டது. "உயர்தரச் சோதினைக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு மகள்? இந்த வயசிலயும் படக்கதையா?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். இஷாத் தொழுகை முடிந்து வந்த வாப்பா சும்மா புரட்டிப் பார்க்கத்தான் அதை எடுத்தார். கடைசிப் பக்கம் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. முடித்த பின்னர் என்னை அழைத்து ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் புத்தகம் அமெரிக்க ஓவியர் கைல் பேக்கர் வரைந்த 'நட் டேர்னர்'. அடிமைத்தனத்தையும் அடிமைகளின் கிளர்ச்சியையும் படங்களால் சொல்லும் சித்திர நாவல். இத்தகைய நூல்கள் எங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்க வேண்டும், மேல் வகுப்பு மாணவிகள் அவற்றை வாசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைப் பெற்றோர் முன்னும் தோழியர் முன்னும் வைக்கிறேன்.

அடிமை வியாபாரத்தைப் பற்றி உலகம் மறக்காத ஒரு படம் உண்டு. 1788இல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் 'புரூக்ஸ்' என்ற கப்பலின் வரைபடத்தை அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினர். கப்பலின் தட்டுகளில் நானூறுக்கும் அதிகமான மனித உருவங்கள், பெட்டியில் அடுக்கிய மீன்களைப்போல நெருக்கி நெருக்கிப் படுக்கவைக்கப்பட்டிருக்கும். அக்கப்பல் அதற்கு முந்திய பயணமொன்றில் 609 பேரை ஏற்றிச் சென்றதாம். பக்கம் பக்கமாக எழுதியும் அசையாத பலரை அந்த ஒற்றைப் படம் அசைத்தது. 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்ததற்குப் பின்னால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். எல்லா உருவமும் ஒன்றுபோலவே இருக்கும். முகம் தெரியாது, பெயர் கிடையாது. ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. அவர்கள்மேல் இரக்கம் வருகிறது. அவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்குத் துணிந்தார்கள் என்ற கேள்வி வருவதில்லை. எங்கள் வரலாற்றுப் புத்தகங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அடிமைகள் பிடிக்கப்பட்டனர், விற்கப்பட்டனர், பின்னர் விடுவிக்கப்பட்டனர் என்று வாசிக்கிறோம். எல்லாமே அவர்களுக்கு வேறு யாரோ செய்தவை. அவர்கள் தாங்களே செய்தது எது?

நல்ல சித்திர நாவல் இந்த இடத்தில்தான் உதவுகிறது. எழுத்தாளர் ஒருவர் 'நூறு அடிமைகள்' என்று இரண்டு சொற்களில் எழுதிவிட்டுப் போகலாம். ஓவியருக்கு அது முடியாது. அவர்களை வரைய வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் கொடுத்தாக வேண்டும். அந்த முகத்தில் பயமா, கோபமா, நம்பிக்கையா என்று முடிவு செய்தாக வேண்டும். கப்பல் தட்டில் படுத்திருந்தவர்களை ஓவியர் எழுப்பி நிறுத்துகிறார்.

நட் டேர்னர் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1831 ஓகஸ்டில் சவுத்ஹம்ப்டன் மாவட்டத்தில் கிளர்ச்சியொன்றை நடத்தினார். இரண்டு நாட்களுக்குள் வெள்ளையர் ஏறத்தாழ 55 பேர் கொல்லப்பட்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டதும், அதில் எந்தச் சம்பந்தமுமில்லாத கறுப்பின மக்கள் பலரும் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டனர். இரண்டு மாதங்களுக்கு மேல் ஒளிந்திருந்த டேர்னர் பிடிபட்டு நவம்பர் 11ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவர் சொன்னதாக எங்களுக்குக் கிடைப்பது தோமஸ் கிரே என்ற வெள்ளைக்காரச் சட்டத்தரணி எழுதி அச்சிட்ட வாக்குமூலம். அடிமையின் வாய், எசமான் சமூகத்தின் பேனா. இந்தச் சிக்கலுக்குப் பேக்கர் கண்ட வழி, தன் நூலில் சொற்களை மிகவும் குறைத்துவிட்டதுதான். இருக்கும் சொற்களிற் பெரும்பாலானவை அந்த வாக்குமூலத்திலிருந்து எடுத்தவை. மற்றதையெல்லாம் படங்கள் சொல்கின்றன. தாயகம், கல்வி, விடுதலை, வெற்றி என்று நான்கு பாகங்கள். 'கல்வி' என்ற பாகத்தில் அந்தச் சிறுவன் எழுத்துக்களைக் கற்றுக்கொள்கிறான். அடிமைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடைசெய்யும் சட்டங்கள் அமெரிக்கத் தென் மாநிலங்களில் இருந்தன என்பது தெரிந்தால், ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது விளங்கும். எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடப் புத்தகத்தை நான் அதற்குப் பிறகு வேறு விதமாகப் பார்த்தேன்.

இப்போது வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கிளர்ச்சிக்காரர்கள் தொட்டிலில் உறங்கிய கைக்குழந்தையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அந்த வாக்குமூலம் சொல்கிறது. பேக்கர் அதை மறைக்கவில்லை. "அந்தச் சின்னப் புள்ள என்ன பாவம் செஞ்சது மகள்?" இதுதான் வாப்பா கேட்டது.

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அநீதி எவ்வளவு பெரிதானாலும் குழந்தையைக் கொல்வது நியாயமாகாது. ஆனால் அன்றிரவு நானும் வாப்பாவும் அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினோம். தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும், சவுக்கடியைக் கண்டே வளர்ந்தவர்களின் மனதைப் பற்றியும், அந்தத் தொட்டிலைப் பற்றியும் பேசினோம். புத்தகம் எந்தப் பக்கத்தையும் கிழித்து மறைக்காததால்தான் அப்படிப் பேச முடிந்தது. கிளர்ச்சியை வெறும் வீரக் கதையாக வரைந்திருந்தால் நாங்கள் கைதட்டிவிட்டு மூடிவைத்திருப்போம். வெறும் கொலைவெறியாக வரைந்திருந்தால் வெறுத்து மூடிவைத்திருப்போம்.

பெண் பிள்ளைகளான நாங்கள் அறிய வேண்டிய இன்னொரு நூலும் உண்டு. ரெபேக்கா ஹோல் எழுதி, ஹியூகோ மார்ட்டினெஸ் வரைந்த 'வேக்' 2021இல் வெளிவந்தது. ஹோல் சட்டத்தரணியாக இருந்து வரலாற்றாசிரியரானவர். அவருடைய பாட்டியே அடிமையாகப் பிறந்தவர். அடிமைக் கிளர்ச்சி என்றால் ஆண்கள் செய்தது என்றே வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் எழுதிவந்தனர். ஹோல் பழைய வழக்குப் பதிவுகளைத் தேடிப் போனார். 1712இல் நியூயோர்க்கில் நடந்த கிளர்ச்சியின் விசாரணைப் பதிவுகளில் பெண்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. கப்பல்களில் ஆண்களைக் கீழ்த்தட்டில் சங்கிலியில் பூட்டிவிட்டு, 'இவர்களால் என்ன செய்ய முடியும்' என்று பெண்களை மேல்தட்டில் சங்கிலியில்லாமல் விட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. பெண்கள் கூடுதலாக இருந்த கப்பல்களில் கிளர்ச்சிகளும் கூடுதலாக நடந்தன என்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெண்தானே என்ற அலட்சியமே அவர்களுக்கு வழி திறந்துவிட்டது. ஹோல் தன்னையும் அந்த நூலில் ஒரு பாத்திரமாக வைத்து, தான் தேடியதையும் தேடிக் கிடைக்காததையும் காட்டுகிறார். எது ஆவணம், எது தன் கற்பனை என்பதை வாசகரிடம் ஒளிக்கவில்லை.

இந்த நேர்மை மிக முக்கியம். ஏனென்றால் படம் பொய்யும் சொல்லும். கண்ணால் கண்டதை மனம் சீக்கிரம் நம்பிவிடும். இதற்கு நல்ல முன்மாதிரி 'அபினாவும் முக்கியமான மனிதர்களும்' என்ற நூல். வரலாற்றாசிரியர் ட்ரெவர் கெட்ஸ் எழுத, லிஸ் கிளார்க் வரைந்தது. இன்றைய கானாவிலுள்ள கேப் கோஸ்ட் நகரில் 1876இல் அபினா மன்சா என்ற இளம் பெண், தன்னை அடிமையாக வைத்திருந்தவருக்கு எதிராக பிரித்தானிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தாள். தன் விருப்பத்தைக் கேளாமலே தன்னை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுப்பதாக எசமான் சொன்னதும் தப்பி ஓடியவள் அவள். வழக்கில் தோற்றுப்போனாள். அவளுடைய சாட்சியம் மட்டும் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டது. நூலின் முற்பகுதியில் படக்கதை, பிற்பகுதியில் அந்த நீதிமன்றப் பதிவு அப்படியே அச்சாகியிருக்கிறது. ஓவியர் எங்கே கூட்டினார், எங்கே குறைத்தார் என்று மாணவியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பரீட்சை வினாத்தாளில் 'மூலாதாரம்' என்று ஒரு சொல் வருகிறதே, அதை இதைவிட இலகுவாக எப்படிக் கற்பிப்பது?

பெற்றோர் சிலர், "எங்கள் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். 1835 ஜனவரியில், ரமழான் மாதத்தின் இறுதியில், பிரேசிலின் சல்வடோர் நகரில் ஆபிரிக்க முஸ்லிம்கள் தலைமை தாங்கிய பெரும் கிளர்ச்சி நடந்தது. அதை அடக்கிய பொலிசார் அவர்களிடமிருந்து கைப்பற்றியவற்றில் அறபு எழுத்துத் தாள்களும் இருந்தன. அடிமையாக விற்கப்பட்ட நிலையிலும் அவர்கள் இரகசியமாக ஓதவும் எழுதவும் கற்றிருக்கிறார்கள். அதேவேளை கிழக்கு ஆபிரிக்கக் கரையில் அடிமை வியாபாரம் செய்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். இரண்டையும் அறிந்துகொள்வதே நேர்மை. அடிமையை விடுதலை செய்வது பெரும் நன்மை என்று போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் எங்களுக்கு அந்த நேர்மை கடினமாக இருக்கக் கூடாது.

பிலால் (ரழி) அவர்களின் வரலாற்றை நாங்கள் படமில்லாமல்தான் கேட்டு வளர்ந்தோம். அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். நபித்தோழர்களை வரையும்படி நான் கேட்கவில்லை. இந்த நூல்களை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. உயர்தர வகுப்பில், ஆசிரியையின் துணையோடு, முடிந்தால் வீட்டில் உம்மா வாப்பாவோடு வாசிக்க வேண்டியவை இவை. வாசித்த பிறகு பேசவும் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொழும்பில் கொம்பனித்தெருவை அறியாதவர் இல்லை. அந்த இடத்தை ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று நெடுங்காலம் அழைத்து வந்தார்கள். அடிமைத் தீவு என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில் கம்பனியின் அடிமைகளை அங்கே அடைத்து வைத்ததால் வந்த பெயர் அது. இலங்கையில் அடிமைத்தனம் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல்தான். பஸ்ஸில் அவ்வழியால் போகும் எங்களில் எத்தனை பேருக்கு அங்கிருந்த ஒரு அடிமையின் பெயராவது தெரியும்? ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. வரலாறு படிக்கும் மாணவிகளும் சித்திரம் படிக்கும் மாணவிகளும் ஒன்றுசேர்ந்து, ஆசிரியைகளின் வழிகாட்டலோடு அவற்றைத் தேடி, அடுத்த ஆண்டு இதே சஞ்சிகையில் நான்கு பக்கச் சித்திரக்கதை ஒன்று வெளியிடலாமே. ஆவணத்தில் உள்ளது எது, நாங்கள் கற்பனை செய்தது எது என்று அடியில் ஒரு குறிப்பும் எழுதிவிடலாம்.

உம்மாமாரே, வாப்பாமாரே, மகளின் கையில் படக்கதையைக் கண்டால் உடனே பறித்துவிடாதீர்கள். ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வாப்பா கேட்டது போன்ற ஒரு கேள்வி உங்களுக்கும் வரும். அதை மகளிடம் கேளுங்கள்.