எலிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியக்கூடாதா?

முத்துக் குளிக்கிறவன் கயிற்றை மச்சானிடம் கொடுத்துவிட்டுத்தான் மூழ்குவான் என்பது தூத்துக்குடிக் கடற்கரையின் வழக்கு. லாபக் கணக்குப் பார்ப்பவனை நம்பி அவன் மூழ்கியதில்லை.

இன்று இம்மாவட்டத்தில் உப்பளம் மட்டுமில்லை, சாகுபுரத்தில் பி.வி.சி.யும் தயாராகிறது. பி.வி.சி.க்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு என்ற வாயு. அதன் கதையை நம் தொழிலாளர்கள் அறிய வேண்டாமா?

1970-ல் இத்தாலிய டாக்டர் வயோலா, இந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை அறிவித்தார். பிறகு, கம்பெனிகளே பணம் கொடுத்து மால்டோனி என்ற விஞ்ஞானியைச் சோதிக்கச் சொல்லின. காற்றில் பத்து லட்சத்துக்கு 250 பங்கு வாயு இருந்தாலே எலிகளின் ஈரலில் கொடிய புற்று வந்தது. அமெரிக்கச் சட்டமோ தொழிலாளிக்கு 500 பங்கை அனுமதித்திருந்தது!

கம்பெனிகள் என்ன செய்தன? ஆபத்தை அறிவித்தனவா? இல்லை. முடிவை வெளியிடுவதில்லை என்று 1972-ல் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் ஆலையில் அதே ஈரல் புற்றால் தொழிலாளர்கள் மாண்டது வெளிவந்த பிறகே உலகுக்கு உண்மை தெரிந்தது.

"எலி வேறு, மனிதன் வேறு" என்று வாதிடுவோர் உண்டு. 1775-லேயே புகைபோக்கி துடைத்தவர்களுக்குக் கரியால் புற்று வருவதை பாட் கண்டார். 1915-ல் ஜப்பானில் யமகிவா, முயல் காதில் நிலக்கரித் தார் தடவி அதை மெய்ப்பித்தார். அங்கே மனிதன் முதலில் மாண்டான், முயல் பின்னால் சாட்சி சொன்னது. இங்கே எலி முன்கூட்டியே எச்சரித்தது. எச்சரிக்கையைப் பூட்டி வைத்தது லாப வேட்டை!

வரம்பை 1 பங்காகக் குறைத்தால் தொழிலே அழியும் என்று கூச்சலிட்டார்கள். 1975-ல் குறைக்கப்பட்டது. தொழில் அழிந்ததா? இல்லை, பெருகியது!

1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகுதான், ஆபத்தைத் தொழிலாளரிடம் சொல்ல வேண்டும் என்ற விதி 1987-ல் நம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. ஏட்டில் ஏறினால் போதாது. காற்றுச் சோதனை முடிவு தமிழில் ஆலை வாசலில் தொங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொருவர் கையிலும் அவரது மருத்துவச் சோதனை ஏடு இருக்க வேண்டும்.

கயிறு நம் கையில் இருக்கட்டும்!