பால்கோவா தேடி வந்தவர் ஏன் திரும்பிப் போனார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றி ஒரு நடை போனால் பால்கோவா கடைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசலில் நிற்பவரைப் பார்த்ததும் பாதி தெரிந்துவிடும். குற்றாலம் போகிற வேன் கூட்டமா, சபரிமலைக்கு மாலை போட்டவரா, உள்ளூர்க்காரரா, சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிறவரா என்று முகமே சொல்லிவிடும். அதற்கேற்ப ஒருவருக்குக் கால் கிலோ பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். இன்னொருவருக்கு ஒரு விள்ளல் கையில் வைத்து, ‘சாப்பிட்டுப் பாருங்க’ என்பார்.

அதே கடைக்காரர் வெப்சைட் ஆரம்பித்தால் முதலில் இழப்பது இந்தப் பார்வையைத்தான். யார் வந்தார், எதைப் பார்த்தார், ஏன் எழுந்து போனார் என்று எதுவும் தெரியாது. இருட்டில் கடை விரித்த மாதிரி.

ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியையும் கல்லாவையும் பெரியப்பா பார்க்கிறார். கல்லூரி முடித்த தம்பி மகன் வெப்சைட்டைப் பார்க்கிறான். மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

“பெரியப்பா, இந்த மாசம் நம்ம வெப்சைட்டுக்கு 2,000 பேர் வந்திருக்காங்க.”

“ஆர்டர் எத்தனைடா?”

“நாலு.”

“அப்ப மிச்சப் பேரெல்லாம் எங்கடா போனாங்க?”

பையனுக்குப் பதில் தெரியாது. அவன் 2,000 என்ற எண்ணைத்தான் பார்த்திருக்கிறான். ஆனால் பெரியப்பாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதே திரையில், நாலு கிளிக் தள்ளி.

முதலில் அந்த 2,000-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரியான கருவி மனிதர்களை எண்ணுவதில்லை, பிரவுசரை எண்ணுகிறது. ஒருவரே காலையில் போனிலும் மாலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பேர் என்று கணக்காகும். அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் ஒரே போனில் பார்த்தால் ஒருவர். ‘ஆர்டர் வந்திருக்கா’ என்று தினமும் இருபது தடவை திறந்து பார்க்கும் தம்பி மகனும், பெருமைக்காகத் திறந்து பார்க்கும் துபாய் அத்தானும் இதில் அடக்கம். தன்னுடைய வருகையைக் கழித்துவிடச் செட்டிங்ஸில் வழி இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்களில் அதைச் செய்பவர்கள் குறைவு. இணையத்தில் சுற்றிவரும் ரோபோ புரோகிராம்களில் அடையாளம் தெரிந்தவற்றைக் கருவியே தள்ளிவிடும். மற்றவை மனிதர் மாதிரியே உள்ளே வந்துபோகும்.

அர்ச்சின் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2005-ல் வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் இந்தக் கருவியை வெளியிட்டது. சிறிய கடைக்காரருக்கு இது இலவசம். பழைய வடிவம் 2023 ஜூலை 1-ம் தேதி முதல் புதிய கணக்கெடுப்பை நிறுத்திக்கொண்டது. இப்போது இருப்பது ஜி.ஏ.4. இதில் ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, ஆர்டர் மாதிரி முக்கியமான ஒன்றைச் செய்தாலோ ‘ஈடுபாட்டோடு இருந்தார்’ என்று கணக்கு. பத்து விநாடி! கடை வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டவே அந்த நேரம் ஆகிவிடும். ‘ஈடுபாடு 60 சதவிகிதம்’ என்று திரை சொன்னால் அதை நம்பி அடுப்பில் இன்னொரு சட்டி ஏற்ற வேண்டியதில்லை.

உண்மையான விஷயம் இன்னொரு இலவசக் கருவியில் இருக்கிறது. பெயர் சர்ச் கன்சோல். கடை உள்ளே நடப்பதைச் சொல்வது அனலிட்டிக்ஸ் என்றால், கடைக்கு வருவதற்கு முன் அந்த ஆள் தெருவில் என்ன கேட்டுக்கொண்டு வந்தார் என்று சொல்வது சர்ச் கன்சோல். கூகுளில் எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனாவது இடத்தில் நின்றோம் என்று 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களை மட்டும் தனியுரிமைக்காக மறைத்துவிடும்.

தம்பி மகன் அதைத் திறந்தால் என்ன தெரியும்? முதல் வரியிலேயே ‘பால்கோவா செய்வது எப்படி’ என்று இருக்கும். வெப்சைட் ஆரம்பித்த ஜோரில் அவன் ஒரு செய்முறைப் பக்கம் எழுதியிருந்தான். 2,000 பேரில் 1,500 பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். கையில் கரண்டியோடு தன் வீட்டு அடுப்பங்கரையில் நிற்பவர் எதற்கு அரைக்கிலோ ஆர்டர் போடப்போகிறார்? அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டியதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பாலைக் கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்தவர்களில் ஒரு சிலராவது கீழே உள்ள ஆர்டர் பட்டனைத் தேடலாம். ஆனால் அவர்களை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பட்டியலில் கீழே போகப் போகத்தான் சரக்கு இருக்கிறது. ‘எத்தனை நாள் கெடாமல் இருக்கும்’, ‘ஃபிரிட்ஜில் வைக்கணுமா’, ‘சென்னைக்கு அனுப்புவார்களா’, ‘ஒரு கிலோ விலை’. ஒவ்வொன்றையும் தேடியவர் பத்துப் பேரோ, ஐந்து பேரோ. ஆனால் இவர்கள் கேட்பதைத்தான் கடை வாசலில் நிற்பவரும் கேட்பார். கல்லாவில் இருக்கும் பெரியப்பா யோசிக்காமல் பதில் சொல்லுவார். வெப்சைட்டில் அந்தப் பதில்கள் எங்குமே இல்லை. கோபுரத்தின் படமும், ‘பாரம்பரியச் சுவை’ என்ற வரியும், நிறுவனர் போட்டோவும் இருக்கின்றன. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. ஊர் பெயரை ஒட்டி எங்கெங்கோ விற்கும் பால்கோவாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று வெளியூர்க்காரர் யோசிக்கும் இடம் அது.

ஊர் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், செல்லமாக ஸ்ரீவி. ஆங்கிலத்தில் கடைசிப் பகுதியை ‘டி.ஹெச்.’ வைத்து எழுதுகிறவர் உண்டு, இரண்டு ‘டி’ போடுகிறவரும் உண்டு. கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. ஆனாலும் தமிழில் தேடுபவருக்கு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிய பக்கம் முன்னால் வருவது கஷ்டம். மக்கள் எப்படி எழுதித் தேடுகிறார்கள் என்பதும் அதே பட்டியலில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

சரி, மீதி 500 பேர்? இங்கே மறுபடி அனலிட்டிக்ஸ். அமைத்துக் கொடுத்தால் அது படி படியாகக் காட்டும். விலைப் பக்கம் வரை வந்தவர் 120. கூடையில் போட்டவர் 45. முகவரி எழுத ஆரம்பித்தவர் 40. பணம் கட்டியவர் 4. அதாவது, வாங்கியே தீருவது என்று வந்தவர்களில் 36 பேர் கடைசிப் படியில் எழுந்து போயிருக்கிறார்கள். 2,000 பேரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதற்குப் பதில் இந்த 36 பேரை நினைத்து ஒரு இரவு தூக்கம் கெட்டிருக்கலாம்.

ஏன் போனார்கள் என்று கருவி சொல்லாது. எந்த இடத்தில் போனார்கள் என்று மட்டும் சொல்லும். மிச்சத்துக்கு அந்த இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டியதுதான். பெரியப்பாவின் போனை வாங்கி, அதிலேயே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் முதல்முறையாகத் தலைகாட்டுகிறது. கால் கிலோ வாங்க வந்தவருக்கு அது இனிப்பின் விலையையே எட்டிப்பிடிக்கிறது. கல்லாவில் இப்படி ஒரு வியாபாரம் நடந்தால் சண்டைதான் வரும். போனில் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பணத்தை விடுகிறவர்களும் உண்டு. “சென்னையிலதான் பெரியப்பா கூட்டம், அங்க விளம்பரம் போடுவோம்” என்பான் பையன். ஊர் விவரத்தைக் கருவி ஊகிப்பது இணைய இணைப்பின் முகவரியை வைத்து. மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் மாட வீதியிலேயே நின்றாலும் சென்னை என்றோ வேறு பெரிய நகரம் என்றோ பதிவாகலாம். நாடு ஓரளவு சரியாக இருக்கும். ஊரை நம்பி விளம்பரக் காசு போடக் கூடாது. ஆர்டர் முகவரியில் உள்ள பின்கோடு அதைவிட நல்ல சாட்சி.

‘நேரடி’ என்றொரு வகையும் அப்படித்தான். கடை முகவரியை மனப்பாடமாக வைத்து டைப் செய்து வந்தவர்கள் என்று பெயர். நிஜத்தில் அதில் பெரும் பங்கு வாட்ஸ்அப்பாக இருக்கக்கூடும். குடும்ப குரூப்பில் யாரோ பகிர்ந்த லிங்க்கைத் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தடயம் பல நேரம் கருவிக்குக் கிடைப்பதில்லை. அனுப்பும் லிங்க்கின் வாலில் யு.டி.எம். என்ற சிறு குறிப்பை ஒட்டி அனுப்பினால் இது வாட்ஸ்அப், இது பொட்டலத்தின் மேல் ஒட்டிய கியூஆர் கோடு என்று பிரித்துக்கொள்ளலாம். யு.டி.எம்.மில் உள்ள ‘யு’ அந்தப் பழைய அர்ச்சின்தான்.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவதும் இந்த ஊருக்கு ஒத்துவராது. ஆடிப்பூரத் தேரோட்டம், குற்றாலச் சீசன், தீபாவளி, கார்த்திகையில் தொடங்கும் ஐயப்ப பக்தர் வரத்து, மார்கழி என்று ஆண்டு முழுக்க மேடு பள்ளம். ஆடி முடிந்து கூட்டம் குறைந்தால் அது வெப்சைட்டின் குற்றமல்ல. போன வருட ஆடியோடு இந்த வருட ஆடியை வைத்துப் பார்க்க வேண்டும். தேதி மாறிவரும் திருவிழாவுக்கு அந்த வாரத்தையே தேடி ஒப்பிட வேண்டும்.

எல்லோருக்கும் எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அடுத்த பெரிய ஊர் ராஜபாளையம். அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் ஊரோடு சேர்ந்து நாயும் வந்து நிற்கும். 2005 ஜனவரியில் தபால்தலையிலேயே இடம்பிடித்த வெள்ளை வேட்டை நாய். பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர்போன இடம். அங்கே துணி தயாரிக்கும் ஒருவர் தன் வெப்சைட்டில் ‘எங்கள் ஊர்ப் பெருமை’ என்று ராஜபாளையம் நாய் பற்றி ஒரு பக்கம் எழுதினால், மறுமாதம் வருகை பல மடங்கு ஏறலாம். வந்தவர்கள் எல்லாம் குட்டி என்ன விலை என்று தேடியவர்கள். ஒரு சுருள் துணிகூடப் போகாது. அவருக்கு வேண்டியவர் ஏதோ ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, அகலம், நீளம், நெசவு நெருக்கம் எல்லாம் தேடிக்கொண்டிருப்பவர். மாதம் பதினைந்து பேர் வந்தாலும் அப்படிப்பட்டவர்கள் வந்தால் போதும்.

வெப்சைட்டே இல்லாத கடைக்கும் கணக்குப் பார்க்க வழி உண்டு. கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவு செய்து சொந்தக்காரர் என்று உறுதி செய்துகொண்டால், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் போன் போட்டார்கள், என்ன தேடியபோது கடை தெரிந்தது என்று காட்டும். கோயிலுக்கு வந்த இடத்தில் வாங்குகிற கூட்டத்தை நம்பியிருக்கும் கடைக்கு இதுவே போதும். இன்னும் சொன்னால், பலருக்கு வெப்சைட்டைவிட இதுதான் உருப்படி.

ஒரு எச்சரிக்கை. அனலிட்டிக்ஸ் யாருடைய பெயரையும் போன் நம்பரையும் காட்டாது, காட்டும்படி அமைப்பதும் அதன் விதிப்படி தவறு. ஆனால் ஆர்டர் படிவத்தில் வாடிக்கையாளர் தரும் பெயர், முகவரி, நம்பர் எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆர்டருக்காகத் தந்த நம்பரை எல்லாம் திரட்டிக் கேட்காமலே ஒரு விளம்பர குரூப்பில் சேர்ப்பது சாமர்த்தியம் அல்ல.

தம்பி மகன் கூரியர் கட்டணத்தை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தான். அரைக்கிலோவுக்கு மேல் வாங்கினால் என்ன ஆகும் என்றும் எழுதினான். எத்தனை நாள் தாங்கும், எப்படி வைக்க வேண்டும் என்பதைப் பெரியப்பா சொல்லச் சொல்ல அவர் பேச்சிலேயே டைப் செய்தான். கோபுரப் படத்தைச் சின்னதாக்கினான். மறுமாதக் கடைசியில் மறுபடி கணக்கு.

“ஆள் குறைஞ்சுபோச்சு பெரியப்பா. 1,600 பேர்தான்.”

“ஆர்டர்?”

“பத்தொம்போது.”

பெரியப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். “டேய், நாளைக்குப் பால் கூடுதலாச் சொல்லி வைங்கடா.”