கைக்குப் புதிய மண்

தாய் ஒருவர் எழுதிய மடல் இம்மாதம் நம் சிந்தனைக்கு உரியதாகிறது. அவருடைய மகன் சிறு வயது முதலே பென்சிலால் படம் வரைவதில் வல்லவன். பங்கின் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குப் பின்திரை தீட்டி எல்லாரிடமும் பாராட்டுப் பெற்றவன். கலைக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தபோது வீடே மகிழ்ந்தது. ஆறு மாதங்கள் கழிந்தன. இப்போது அவன் கொண்டுவரும் தாள்களில் கருமை அப்பிக் கிடக்கிறது. களிமண்ணில் அவன் செய்த தலை வெடித்துப் போயிற்று. “எனக்குக் கை வரவில்லை, படிப்பை விட்டுவிடுகிறேன்” என்கிறான். தந்தையோ, “ஓராண்டு இழப்போடு போகட்டும், வேறு படிப்பில் சேர்ப்போம்” என்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார் அத்தாய்.

அன்புச் சகோதரி, முதலில் அந்தக் கருமையைச் சற்று உற்று நோக்குவோம். அது காற்றுப் புகாமல் சுட்ட மெல்லிய மரக்குச்சியின் கரி. தொட்டால் ஒட்டும், தேய்த்தால் பரவும், ஊதினால் உதிரும். கூரிய முனையால் கோடு கோடாக உருவம் அமைத்துப் பழகியவன், இங்கே ஒளியையும் நிழலையும் பெரும் பரப்புகளாகக் காண வேண்டும். கைக்கு அது தடுமாற்றம். கண்ணுக்கோ புதிய கல்வி.

களிமண்ணின் இயல்பு வேறு. தாளில் முகத்திற்கு ஒரு பக்கமே உண்டு. மண்ணில் சுற்றிலும் முகம் உண்டு. ஈரம் காயாதிருக்க இரவில் நனைந்த துணியால் மூட வேண்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், சீராகக் காயாமல் வெடிப்பு விழும். சூளையில் இடவேண்டிய உருவாயின் உட்புறத்தைக் குடைந்து, நன்கு உலர்த்த வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி உருவையே பிளந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். தயங்குபவனுக்காக அது காத்திராது. மண்ணில் குறைந்ததை அப்பிச் சேர்க்கலாம். கல்லில் செதுக்கி எடுத்ததை மீண்டும் ஒட்ட இயலாது. இவற்றையெல்லாம் பொருளே கற்பிக்க வேண்டும். கெடுத்துப் பார்த்தே கை அறிய வேண்டும். ஆகவே வெடித்த மண் திறமையின்மைக்குச் சான்று ஆகாது.

மாபெரும் கலைஞரான மைக்கேல் ஆஞ்சலோவுக்கும் இத்தகைய நாள் வந்ததுண்டு. பியேட்டாவையும் தாவீதையும் சலவைக்கல்லில் வடித்துப் புகழ்பெற்ற அவரை, 1508-இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்விதானத்தில் ஓவியம் தீட்டப் பணித்தார். தாம் சிற்பியே என்பது அவருடைய எண்ணம். ஈரச் சுண்ணச் சாந்து உலருமுன் வண்ணம் தீட்டும் அம்முறையில், ஒரு நாளில் தீட்டக்கூடிய அளவுக்கே சாந்து பூச வேண்டும். இளமையில் ஓர் ஓவியரிடம் தொழில் பயின்றிருந்தும், இத்தகைய பெரும்பணியை அவர் முன்பு செய்து முடித்ததில்லை. நோவா காலத்து வெள்ளப் பெருக்கைத் தீட்டிய பகுதியில் பூஞ்சணம் பூத்து உருவங்களை மறைத்தது. இது தம் கலையன்று என்று திருத்தந்தையிடமே அவர் முறையிட்டதாக, அவருடைய வரலாற்றை எழுதிய கொண்டிவி கூறுகிறார். திருத்தந்தை அனுப்பிய கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கல்லோ வந்து பார்த்து, சாந்தில் நீர் மிகுந்ததே காரணம் என்று காட்டினார். குறை கலைஞரிடத்தில் இல்லை, கலவையில் இருந்தது. அவர் பணியைத் தொடர்ந்து 1512-இல் நிறைவேற்றினார்.

இறைவாக்கினர் எரேமியாவை ஆண்டவர் குயவன் வீட்டிற்கு அனுப்பியதை நாம் அறிவோம். குயவன் கையில் கலம் கெட்டுப் போயிற்று. அவன் அம்மண்ணை எறிந்துவிடாமல், அதையே வேறொரு கலமாக வனைந்தான். மண்ணிடம் காட்டிய அப்பொறுமையை நாம் பிள்ளைகளிடமும் காட்ட வேண்டாமா?

எனினும் தந்தையின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். பிழைப்புக்கு வழி அமையுமா என்பது நியாயமான கேள்வியே. மூவரும் அமர்ந்து அதைத் தனியே பேசுங்கள்; உடைந்த பொம்மையை முன்வைத்து அதைத் தீர்மானிக்க வேண்டாம். வீட்டிற்கு வருவோரிடம் காட்ட அழகான படம் ஒன்று வரையும்படி இவ்வாண்டு அவனை வற்புறுத்தவும் வேண்டாம். பழைய பாராட்டைத் தேடினால், கை பழைய கோட்டிற்கே திரும்பிவிடும்.

அடுத்த முறை அவன் வீட்டிற்கு வரும்போது, “ஏன் நன்றாக வரவில்லை?” என்று கேளாமல், “இந்த மண் எதனால் வெடித்தது, தம்பி?” என்று கேளுங்கள். “கழுத்துப் பக்கம் கனமாகப் பூசிவிட்டேன், அம்மா” என்று அவன் விடை சொன்னால், அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். துணிந்து திருப்பி அனுப்புங்கள். மண்ணைத் தொடவே அவனுக்கு விருப்பம் இல்லையெனில், அதையும் அச்சமின்றிச் சொல்ல அவனுக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கட்டும்.