மூடினது பேப்பரையா, கேஸையா?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு விவாதம். நம்ம ஊர் நியூஸ் சேனல்களைப் பத்தி எல்லாரும் வழக்கம்போல புலம்பிக்கிட்டு இருந்தோம். பக்கத்து சீட் நண்பர் தயிர்சாதத்தைப் பிசைஞ்சுகிட்டே ஒரு டயலாக் விட்டார். "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா. லண்டன்ல ஒரு பேப்பர்காரன் போன் ஹேக் பண்ணான். 168 வருஷத்துப் பேப்பரை ஒரே வாரத்துல இழுத்து மூடிட்டாங்க பாத்தியா? இங்க நடக்குமா?"

சுத்தி இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்குத்தான் சாதம் இறங்கலை. அங்கேயே வாய் விட்டிருந்தா லன்ச் பிரேக் முடிஞ்சிருக்கும், அதான் பதிவா போடறேன். நீளம் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுத்துக்கோங்க மக்களே.

'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' மூடப்பட்டதை யாராவது நேர்மைக்கு உதாரணமா சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தப் பேப்பரை மூடினது தண்டனை இல்லைங்க. மத்தவங்க தப்பிக்கப் போட்ட பலி.

முதல்ல இந்த 'ஹேக்கிங்'ங்கிற வார்த்தை. இதே ஃபீல்டுல குப்பை கொட்டறவன்கிற முறையில எனக்கு இது பெரிய வயித்தெரிச்சல். ஏதோ கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து ஓடி, உள்ளே நுழைஞ்ச மாதிரி ஒரு பில்டப். நடந்தது என்ன? ஒருத்தர் உங்க நம்பருக்குக் கூப்பிட்டு லைனை பிஸி ஆக்குவார். அதே நேரத்துல இன்னொருத்தர் கூப்பிட்டா கால் வாய்ஸ்மெயிலுக்குப் போகும். அங்கே ஒரு பட்டனை அழுத்தினா பின் நம்பர் கேட்கும். கம்பெனி குடுத்த டீஃபால்ட் பின்னை முக்கால்வாசிப் பேர் மாத்தியிருக்க மாட்டாங்க. 0000, 1234 இந்த ரகம்தான். அவ்வளவுதான், உங்க அம்மா விட்ட மெசேஜ், வக்கீல் விட்ட மெசேஜ் எல்லாம் அவங்க காதுல. பின் மாத்தியிருந்தா? போன் கம்பெனிக்கே கூப்பிட்டு "நானும் இங்க ஸ்டாஃப்தான்"னு கதை விட்டு ரீசெட் பண்ண வைக்கறது.

இதுக்கு இன்ஜினியரிங் மூளையெல்லாம் வேண்டாம். ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டே எந்த நிருபரும் பண்ணலாம். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. ஏன்னா அடுத்து வர்ற பொய்யை எடை போட இது வேணும்.

2005 நவம்பர்ல இளவரசர் வில்லியமுக்கு முழங்கால்ல அடின்னு ஒரு சின்ன நியூஸ் அந்தப் பேப்பர்ல வந்தது. வெளியே யாருக்குமே தெரியாத விஷயம். அரண்மனைக்காரங்களுக்குச் சந்தேகம் வந்து போலீஸுக்குப் போனாங்க. 2006 ஆகஸ்ட்ல அரண்மனைச் செய்தி ஆசிரியர் கிளைவ் குட்மேனும், கிளென் மல்கேர்ங்கிற தனியார் துப்பறிவாளரும் கைது. 2007 ஜனவரியில ஒருத்தருக்கு 4 மாசம், இன்னொருத்தருக்கு 6 மாசம் ஜெயில். எடிட்டர் ஆண்டி கூல்சன் "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனாலும் பொறுப்பேற்கிறேன்"னு ராஜினாமா. நிர்வாகம் சொன்ன விளக்கம்: எங்க கூட்டத்துல ஒரே ஒரு ஆள் தறுதலையாப் போயிட்டார், மத்தபடி நாங்க சொக்கத்தங்கம்.

ஒரே ஒரு ஆளா? மல்கேர் வீட்டுல போலீஸ் அள்ளிக்கிட்டு வந்த குறிப்புகள் மட்டும் 11,000 பக்கம். அதுல கிட்டத்தட்ட 4,000 பேரோட பெயர். அரண்மனை நிருபருக்கு நடிகர், மந்திரி, ஃபுட்பால் சங்கத் தலைவர் வாய்ஸ்மெயில் எல்லாம் எதுக்குங்க? 35 வாய்ஸ்மெயிலை அப்படியே டைப் அடிச்சு 'நெவிலுக்காக'ன்னு தலைப்புப் போட்ட ஒரு மெயிலும் அந்தக் குவியல்லயே இருந்தது. அது குட்மேனுக்கு எழுதினது இல்லை. அதாவது, 'ஒரே ஆள்' கதை பொய்ன்னு நிரூபிக்க வேண்டிய காகிதம் 2006-லேயே லண்டன் போலீஸ் கையில இருந்தது.

அவங்க என்ன பண்ணாங்க? 2009 ஜூலையில 'கார்டியன்' நிருபர் நிக் டேவிஸ், இந்த விவகாரத்தை அமுக்க அந்தக் கம்பெனி ரகசியமாப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல குடுத்திருக்குன்னு எழுதினார். மறு ஆய்வு பண்ணச் சொல்லி உதவி கமிஷனர் ஜான் யேட்ஸ்கிட்ட பொறுப்பு. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவர் வெளியே வந்து "புதுசா ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிட்டார். 11,000 பக்கம், ஒரே நாள்! மூட்டையா கிடந்த குப்பைப் பையை நானா போய்ப் பார்ப்பேன்கிற மாதிரி பின்னாடி பேசினார். 2011-ல தான் எடுத்தது மட்டமான முடிவுன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

2006 விசாரணைக்கு மேல இருந்த ஆண்டி ஹேமன்? ரிட்டயர் ஆனதும் 'தி டைம்ஸ்'ல பத்தி எழுதப் போனார். அதுவும் அதே மர்டாக் பேப்பர்தான். 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' துணை ஆசிரியரா இருந்த நீல் வாலிஸை 2009-ல லண்டன் போலீஸே பிஆர் ஆலோசகரா காசு குடுத்து வெச்சுக்கிட்டது. திருடனைப் பிடிக்கப் போன இடத்துல பங்காளி உறவு.

அரசியல்வாதிங்க? 1995-ல டோனி பிளேர் மர்டாக் கம்பெனிக் கூட்டத்துல பேச ஆஸ்திரேலியாவுக்கே பறந்தார். 2008-ல டேவிட் கேமரூன் கிரேக்கத் தீவுப் பக்கம் நின்ன மர்டாக் படகுக்குப் போய் தரிசனம் பண்ணார். ராஜினாமா பண்ண அந்த கூல்சனையே 2007-ல தன் கட்சியோட செய்தித் தொடர்புக்குச் சேர்த்துக்கிட்டார், 2010-ல பிரதமர் ஆனதும் டவுனிங் தெருவுக்கும் கூட்டிக்கிட்டுப் போனார். அவர் ரெபேக்கா ப்ரூக்ஸுக்கு அனுப்பின எஸ்எம்எஸ் கடைசியில 'எல்ஓஎல்'னு போடுவாராம். அன்போடங்கிற அர்த்தத்துல. அது சிரிப்புன்னு அந்தம்மாதான் சொல்லிக் குடுத்தாங்களாம். விசாரணையில அவங்களே சொன்னது இது. நமக்கு ஜோக். ஆனா ஒரு நாட்டோட பிரதமரும் ஒரு பத்திரிகைக் கம்பெனியோட தலைமை அதிகாரியும் எவ்வளவு நெருக்கம்னு இதைவிட யாரும் சொல்லிட முடியாது.

சரி, அப்புறம் ஏன் 2011-ல வெடிச்சது? நடிகர் நடிகை இருந்தவரைக்கும் ஜனங்க கண்டுக்கலை. 2011 ஜூலை 4-ம் தேதி 'கார்டியன்' வெளியிட்ட செய்தி வேற மாதிரி. 2002-ல காணாமப் போய், கொலை செய்யப்பட்டுக் கிடைச்ச 13 வயசுப் பொண்ணு மில்லி டௌலர். பெத்தவங்க தேடிக்கிட்டு இருந்த நாட்கள்ல அந்தக் குழந்தையோட வாய்ஸ்மெயிலையும் இவங்க கேட்டிருக்காங்க. (மெசேஜை அழிச்சு, அவ உயிரோட இருக்கான்னு பெத்தவங்களை நம்ப வெச்சாங்கன்னு அப்போ வந்த பகுதிக்கு ஆதாரம் இல்லைன்னு அதே வருஷம் டிசம்பர்ல தெரிஞ்சது. 'கார்டியனும்' திருத்தம் போட்டது. ஒட்டுக்கேட்டது மட்டும் உண்மை.)

இதுல எனக்கு வயிறு கலங்கின இடம் இன்னொண்ணு. ஒட்டுக்கேட்டது சர்ரே போலீஸுக்கு 2002-லேயே தெரியும்! பேப்பர்காரங்களே அவங்ககிட்ட வந்து அந்த மெசேஜைப் பத்திப் பேசியிருக்காங்க. ஒரு நடவடிக்கையும் இல்லை. 2013-ல போலீஸ் புகார் ஆணையம் விசாரிச்சப்போ, அன்னிக்கு மேல இருந்த அதிகாரிகள் பலருக்கும் ஒண்ணுமே ஞாபகம் இல்லை. கூட்டு மறதி வந்த மாதிரி இருக்குன்னு ஆணையமே எழுதியது. ஒன்பது வருஷம் ஒரு போலீஸ் துறையே ஒரு குற்றத்தைத் தெரிஞ்சுகிட்டு சும்மா இருந்திருக்கு. இதுதாங்க நம்ம நண்பர் மெச்சின சிஸ்டம்.

அடுத்த பத்து நாளைப் பாருங்க. விளம்பரதாரர்கள் வரிசையா கழண்டுக்கிட்டாங்க. ஜூலை 7 மூடறதா அறிவிப்பு, 10-ம் தேதி கடைசி இதழ். ஏன் இவ்வளவு அவசரம்? அப்போ மர்டாக் கம்பெனிக்கு பிஸ்கைபி டிவியில 39 சதவீதம் இருந்தது. மீதி 61-ஐயும் வாங்க அரசு அனுமதிக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த டிவிக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை பேப்பர் எல்லாம் சுண்டைக்காய். விரலை வெட்டிக் கையைக் காப்பாத்தலாம்னு பார்த்தாங்க, கடைசியில அதுவும் நடக்கலை. 13-ம் தேதி டிவி திட்டத்தையும் வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. ஆனா பேப்பர்? 2012 பிப்ரவரி 26-ல 'சன் ஆன் சண்டே' வந்துடுச்சு. அதே முதலாளி, அதே ஞாயித்துக்கிழமை, ஏழரை மாசத்துல. நடுவுல வேலை போனது சுமார் 200 பேருக்கு. அதுல முக்கால்வாசிப் பேருக்கு ஒட்டுக்கேட்புக்கும் சம்பந்தமே இருந்திருக்காது.

இப்போ நம்ம ஆட்களுக்கு ஒரு சமாச்சாரம். அந்தக் கம்பெனியோட கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கிட்டது யார் தெரியுமா? எச்.சி.எல். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஷிவ் நாடார் ஆரம்பிச்ச அதே எச்.சி.எல்.தான். 2010 ஏப்ரல்லேர்ந்து 2011 ஜூலை வரைக்கும் பல தடவை லட்சக்கணக்கான மெயில்களை அழிக்கச் சொல்லிக் கேட்டாங்கன்னும், அதுல வில்லங்கமா எதுவும் எங்களுக்குத் தெரியலைன்னும் எச்.சி.எல். நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் குடுத்தது. சர்வர் பிரச்சினை, இடம் பத்தலை, அதான் அழிச்சோம்னு பேப்பர் கம்பெனி சொல்லிக்கிட்டே இருந்தது. ஆனா பின்னாடி கோர்ட்டுல வெளிவந்த அவங்க 2009 கொள்கைக் குறிப்புல, எதிர்கால வழக்குகள்ல தொந்தரவா அமையக்கூடிய மெயில்களை ஒழிக்கறதும் ஒரு நோக்கம்னு எழுதியிருந்தது.

யாரோ ஒரு ஷிஃப்ட் இன்ஜினியர் க்யூவுல அது சாதாரண டிக்கெட்டா வந்து விழுந்திருக்கும். நம்மள்ல எத்தனை பேர் "எதுக்கு சார் அழிக்கணும்?"னு கேட்டிருப்போம்? நான் கேட்டிருக்க மாட்டேன். எஸ்எல்ஏவைப் பார்த்துட்டு க்ளோஸ் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

சரி, தண்டனை? ஞாயமா சொல்லணும். கமிஷனர் பால் ஸ்டீபன்சன், யேட்ஸ் ரெண்டு பேரும் 2011 ஜூலையில ராஜினாமா. 2014-ல கூல்சனுக்கு 18 மாசம் ஜெயில். ரெபேக்கா ப்ரூக்ஸை ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுலேர்ந்தும் விடுவிச்சது, அதை நான் கேள்வி கேட்கலை. ஆனா அவங்க எடிட்டரா இருந்த காலத்துலதான் மில்லியோட போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. 2015-ல அவங்களையே மறுபடி அந்தக் கம்பெனித் தலைமையில உட்கார வெச்சதை மட்டும் கேட்பேன். பேப்பர் மூடுவிழா கொண்டாடினவங்களுக்கு இது தெரியுமா?

உண்மையான மூடுவிழா 2018 மார்ச் 1-ம் தேதி நடந்தது. நீதிபதி லெவிசன் விசாரணை ரெண்டு பாகம். முதல் பாகம், பத்திரிகைகளோட பழக்க வழக்கம். 2012 நவம்பர்ல கிட்டத்தட்ட 2,000 பக்கம் அறிக்கை வந்தது. ரெண்டாவது பாகம்தான் முக்கியம்: அந்தக் கம்பெனிக்குள்ள யார் யார் என்ன பண்ணாங்க, போலீஸ் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தது. கிரிமினல் வழக்குகள் முடியட்டும்னு தள்ளி வெச்சாங்க. முடிஞ்சதும் அமைச்சர் மாட் ஹான்காக் எழுந்து, காலம் மாறிப்போச்சு, இனிமே தேவையில்லைன்னு ரத்து பண்ணிட்டார். லெவிசனே தனக்கு அதுல அடிப்படையிலேயே உடன்பாடில்லைன்னு எழுதிக் குடுத்தும் பிரயோஜனமில்லை. (அதே ஹான்காக்கை 2021-ல ஆபீஸ் கேமரா படத்தைப் போட்டு ராஜினாமா பண்ண வெச்சது 'தி சன்'. என்னத்தைச் சொல்ல!)

நம்ம ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தா என்ன பண்ணுவோம்? ரீஸ்டார்ட் பண்ணிட்டு விட்டுடுவோமா? மூல காரணம் எழுதற வரைக்கும் மேனேஜர் உசுரை வாங்குவார் இல்லையா? இங்க ஒரு ஜனநாயகமே விழுந்திருக்கு. ரீஸ்டார்ட் பண்ணி, மூல காரணம் எழுத வேண்டாம்னு டிக்கெட்டை மூடிட்டாங்க.

"அரசாங்கம் பத்திரிகைக்குள்ள மூக்கை நுழைச்சா கருத்துச் சுதந்திரம் என்னாகும்?"னு கேட்பீங்க. நல்ல கேள்வி. பத்திரிகைக்கு அரசு லைசென்ஸ் குடுக்கற யோசனையை நானும் எதிர்க்கிறேன். இந்த ஊழலை வெளியே கொண்டு வந்ததே இன்னொரு பத்திரிகைதானே. ஆனா ரெண்டாவது பாகம் லைசென்ஸ் பத்தினது இல்லை. நடந்த குற்றத்துல யாருக்குப் பங்குன்னு கேட்கறது எப்படிங்க சுதந்திரத்தைப் பறிக்கும்?

அதைக் கேட்காததால என்ன ஆச்சு? கேள்வி எல்லாம் தனியார் வழக்கா மாறிடுச்சு, கம்பெனி காசைக் குடுத்து ஒவ்வொண்ணா முடிச்சது. அங்க ஒரு விதி இருக்கு. எதிர்க்கட்சி தர்றதாச் சொன்ன தொகையை நீங்க மறுத்து, கோர்ட் அதைவிடக் குறைச்சலா குடுத்தா, நீங்க ஜெயிச்சிருந்தாலும் அவங்க வக்கீல் செலவும் உங்க தலையில விழும். நடிகர் ஹியூ கிராண்ட் 2024-ல சமரசம் பண்ணிக்கிட்டது இதனாலதான். ஜெயிச்சாலும் ஒரு கோடி பவுண்டு வரைக்கும் தன் தலையில விழலாம்னார். 2023 டிசம்பர்ல இளவரசர் ஹாரி 'மிரர்' மேல போட்ட கேஸ்ல தீர்ப்பு வந்தது. லெவிசன் விசாரணை நடந்துகிட்டு இருந்தப்பவே அங்க ஓரளவு ஒட்டுக்கேட்பு நடந்திருக்குன்னு நீதிபதி சொன்னார். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கும்போதே! 2025 ஜனவரியில மர்டாக் கம்பெனி ஹாரிகிட்டயும், முன்னாள் எம்பி டாம் வாட்சன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டது. 2009-ல வாட்சன் பின்னாடி ஆள் போட்டதுக்கு, 'சன்' பேப்பருக்காகத் தனியார் துப்பறிவாளர்கள் செஞ்ச சட்டவிரோத வேலைகளுக்கு. 'சன்' சுத்தம்னு அத்தனை வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தவங்க! மன்னிப்பு வந்தது, காசும் வந்தது. சாட்சிக் கூண்டுல மட்டும் யாரும் ஏறலை.

அதனால நண்பரே, நம்ம ஊர் மோசம்னு தாராளமா திட்டுங்க, நானும் கூட சேர்ந்து திட்டறேன். ஆனா அதுக்கு அளவுகோலா அந்தப் பேப்பரைக் கொண்டு வராதீங்க. அங்க பாராட்ட வேண்டியவங்க இருக்காங்க. எல்லாரும் கேலி பண்ணப்பவும் விடாம வருஷக்கணக்கா எழுதின நிக் டேவிஸ், கேள்வி கேட்டுக்கிட்டே இருந்த ரெண்டு மூணு எம்பிங்க, மகளைப் பறிகொடுத்துட்டும் பிரதமரை நேர்ல பார்த்து நியாயம் கேட்ட அந்தக் குடும்பம். அவங்களுக்குக் கை தட்டுங்க. மூடினவங்களுக்கு வேண்டாம்.

பி.கு: தயிர்சாத நண்பருக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பிட்டேன். "படிச்சுட்டு சொல்றேன்"னு ஒரு ஸ்மைலி வந்திருக்கு. பின்னூட்டத்துல வந்து கும்முவார்னு எதிர்பார்க்கிறேன். நீங்களும் வாங்க :-)