எதிர்நோக்கை இழந்த ஊரில் நற்செய்தி



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "ஃபாதர், அங்கே கோயில் பெரிசா இருக்கு, ஆளைத்தான் காணோம்."

இது வெறும் புலம்பல் அல்ல. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் பகுதியில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 59.3 விழுக்காடு. 2021-இல் அது 46.2 விழுக்காடாகக் குறைந்தது. எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. நமக்கு மறைபரப்பாளர்களை அனுப்பிய நாடுகளுக்கு இன்று நம் குருக்கள் பணிபுரியச் செல்கிறார்கள்.

இந்த மாற்றத்தை ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தவர். அவர் பெயர் லெஸ்லி நியூபிகின். 1936-இல் இங்கு வந்து, தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பேராயர்களுள் ஒருவரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயம்தான் அவருடைய தலைமை ஆலயம். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

ஓய்வு பெற்று 1974-இல் இங்கிலாந்து திரும்பியவர், இந்தியாவில் சந்தித்ததை விட அங்கே பணி கடினம் என்று கண்டார். எதிர்ப்பைக்கூடத் தாங்கலாம், அலட்சியத்தைத் தாங்குவது கடினம் என்பது அவர் அனுபவம். எது மிகக் கடினமாக இருந்தது என்று கேட்டவர்களுக்கு, அங்கே எதிர்நோக்கு மறைந்துபோனதுதான் என்றார். சென்னையின் குடிசைப் பகுதிகளில்கூட, நாளை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை அவர் கண்டிருந்தார். வசதியான தம் நாட்டில் அதைக் காணவில்லை.

காரணம் என்ன? அறிவியல் சொல்வது எல்லாருக்கும் பொதுவான உண்மை, சமயம் சொல்வது அவரவர் சொந்த விருப்பம் என்று மேலைப் பண்பாடு பிரித்துவிட்டது என்றார் நியூபிகின். நற்செய்திக்கு வீட்டுக்குள் இடம் உண்டு, வீதியில் இடம் இல்லை. திருத்தந்தை ஆறாம் பவுலும் 1975-இல் வெளியிட்ட திருத்தூது அறிவுரை மடலில், நற்செய்திக்கும் பண்பாட்டுக்கும் இடையிலான பிளவை நம் காலத்தின் பெரும் துயரமாகக் கண்டார்.

நாம் நம்பிக்கையைக் காத்துக்கொண்டோம் என்று பெருமைப்படலாமா? பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருவிழாவில் கூட்டம் அலைமோதுகிறது, உண்மைதான். ஆனால் தி. நகரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஆபீஸ்ல இதெல்லாம் பேச முடியாது ஃபாதர், அது என் பர்சனல்." அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாம்தானே கற்றுக்கொடுத்தோம்? மகளுக்கு வரன் தேடும்போது சாதி பேசுகிறது, நற்செய்தி மௌனமாகிறது. வீடு கட்ட அனுமதி வாங்கும்போது கையூட்டு பேசுகிறது. அங்கே அறிவியலின் பெயரால் நடந்ததை, இங்கே நாம் சாதியின் பெயராலும் பணத்தின் பெயராலும் செய்கிறோம். பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு நம்பிக்கையை இழக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியது என்பதை நம் வீட்டிலேயே கற்றுக்கொண்டு ஏறுகிறார்கள்.

நியூபிகின் புத்தகம் எழுதியதோடு நிற்கவில்லை. பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படவிருந்த ஒரு சிறிய சபையின் பொறுப்பை முதிய வயதில் ஏற்றார். நற்செய்தியை நம்பி வாழும் ஒரு சபையே நற்செய்திக்குச் சிறந்த விளக்கவுரை என்பது அவர் முடிவு. 1998-இல் இறந்தார்.

அன்பர்களே, நம் அன்பியங்கள் அத்தகைய விளக்கவுரையாக இருக்கின்றனவா? அங்கே வீட்டு உரிமையாளரும் வீட்டு வேலை செய்யும் சகோதரியும் ஒரே பாயில் அமர்கிறார்களா? இளையோர் தம் ஐயங்களைத் திட்டு வாங்காமல் கேட்க முடிகிறதா? நம் எதிர்நோக்கிற்கு விளக்கம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் புனித பேதுரு. ஆனால் கேட்கும்படி நம் வாழ்வில் ஏதாவது தெரிய வேண்டுமே! 2025-ஐ எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். அந்த எதிர்நோக்கு நம் அலுவலகத்திலும் திருமணப் பேச்சிலும் தெரிகிறதா? சிந்திப்போம்.