ஒத்திகை ஒரு மேடை. நாடகம் வேறு மேடையா?

நாடகம் போடுகிறவர்கள், தாங்கள் நடிக்கப்போகும் மேடையின் நீள அகலத்தைக் கேட்டறிந்துதான் ஒத்திகை பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களில் பலருக்கு இந்தச் சிறு எச்சரிக்கைகூட இல்லாதது வியப்பே! எழுதிப் பார்க்கும் இடத்தில் டேட்டாபேஸ் சர்வர் ஒரு பதிப்பு. பொதுமக்கள் பயன்படுத்தும் இடத்தில் வேறொரு பதிப்பு. கேட்டால், "இரண்டும் மை எஸ்.கியூ.எல். தானே, ஸார்?" என்று பதில் வருகிறது.

பெயர் ஒன்றுதான்; குணம் ஒன்றல்ல. மதிப்பெண் பட்டியலில் ஒரு பத்திக்கு ஆங்கிலத்தில் 'ரேங்க்' என்று பெயர் வைக்கிறோம். 5.7 பதிப்பில் தடையில்லை. 2018-ல் வெளிவந்த 8.0 பதிப்போ அந்தச் சொல்லைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுவிட்டது. வெறுமனே எழுதினால் கட்டளையை ஏற்காது. பழையதில் சோதித்துப் புதியதில் ஏற்றினால், ரிசல்ட் வரும் நாளன்று பிள்ளைகள் தவிக்க வேண்டியதுதான்.

இது உடனே தெரிந்துவிடும் நோய். தெரியாமல் அரிக்கும் நோயும் உண்டு. 'சரக்கு இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது' என்று அட்டவணையிலேயே நிபந்தனை எழுதி வைக்கலாம். 2019-ல் வந்த 8.0.16 முதல்தான் அந்த நிபந்தனை உண்மையில் அமலாகிறது. அதற்கு முந்திய பதிப்புகள் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு, அடியோடு மறந்துவிடும்! புதிய பதிப்பில் எழுதியவர் காவல் இருப்பதாக நம்பி நிம்மதியாகத் தூங்குவார். பழைய பதிப்பு ஓடும் இடத்தில் காவல்காரனே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது, ஒரு பாவமும் அறியாத குமாஸ்தா கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

நம் தமிழும் இதில் அகப்பட்டுக்கொள்கிறது. எந்த எழுத்துமுறை என்று குறிப்பிடாமல் விட்டால், 5.7 தானாக எடுத்துக்கொள்வது லத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமே இல்லை. 8.0 எடுத்துக்கொள்ளும் முறையிலோ தமிழ் சௌகரியமாக அமர்ந்துவிடும்.

"ஓடுகிற சர்வரில் கைவைக்க அச்சமாக இருக்கிறது" என்பார்கள். நியாயந்தான். அப்படியானால் உங்கள் மேஜைமீதும் அதே பழைய பதிப்பை வைத்துக்கொள்ளுங்களேன்! டாக்கர் போன்ற வசதிகள் இருக்க, பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவுவது பெரிய வேலையல்ல. 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டதால், மாற வேண்டியதும் அவசியமே. முதலில் ஒத்திகை மேடையை மாற்றுங்கள். சோதித்துப் பார்த்த கையோடு நாடக மேடையையும் மாற்றுங்கள். இடைவெளி நாட்களாக இருக்கட்டும், வருஷங்களாக வேண்டாம்.

'உன் பதிப்பு என்ன?' என்று சர்வரைக் கேட்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரிச் சோம்பலுக்கு விலை கொடுப்பவர், எழுதியவர் அல்லர். கவுண்டருக்கு முன்னே கியூவில் நிற்பவர். இதை மறக்கலாமா?